எரிச்சல் பிரிவு

மற்றவர்கள் வேலை செய்யும்போது என்ன உணர்கிறார்கள் என்பதை ஆராய்வதுதான் பேராசிரியரின் வேலை. இளமையில் ஆரம்பித்து, ஓய்வுபெறும் வயது நெருங்கும்வரை இந்த ஒன்றைத்தான் பார்த்தார். அந்த வேலையைப் பார்க்கும்போது அவர் என்ன உணர்ந்தார் என்று யாரும் ஆராயவில்லை. அவசியமும் இல்லை. ஆளைப் பார்த்தாலே தெரியும், சௌகரியமாக இருந்தார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓர் இரும்பு வார்ப்பாலை. அங்கே விருந்தினர் அறையில் உட்கார்ந்துகொண்டு, உலைக்கு முன்னால் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, வேலை செய்யும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார். "வயிறு எரியுது சார்" என்றார்கள். கேன்டீனில் மதியச் சாப்பாடு பொழுது சாய்ந்துதான் வரும். பேராசிரியர் அதை 'வயிற்றெரிச்சல்' என்று குறித்துக்கொண்டு, உலைத் தொழிலாளர்களிடையே மேலதிகாரிகள்மீது பொறாமை பரவியிருப்பதாக நிறுவினார். டாக்டர் பட்டம் கிடைத்தது. அடுத்ததாக மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டார். "தலை கனக்குதுங்க" என்றார்கள். 'சுமைப் பணியாளரிடையே தலைக்கனம்' என்ற கட்டுரையை எழுதித் துறைத்தலைவர் ஆனார். பிறகு ஒரு சுரங்கத்தின் ஆபீஸ் அறையில் வயதான தொழிலாளி ஒருவர் மார்பைத் தடவிக்கொண்டே, "நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு" என்றார். 'நெஞ்சழுத்தம்: கீழ்ப்படியாமையின் உளவியல்' என்ற பெரிய புத்தகம் அப்படிப் பிறந்தது. புத்தகம் அச்சாகி வருவதற்குள் அந்த ஆள் செத்துப்போனார். முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தது: கடைசிவரை தன் போக்கை மாற்றிக்கொள்ளாதவர்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெறும் முன்பு கடைசியாக ஏற்றுக்கொண்ட பணியிடம், ஒரு சலவை ஆலை.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, அறுவை அங்கி எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். முன்பக்கம் ஆபீஸ். அதன் பின்னால் மடிப்புக்கூடம், இஸ்திரி உருளைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், தாழ்ந்த கூரையோடு பிளீச் அறை. ரத்தமும் சீழும் காய்ந்துபோன துணிகள் தள்ளுவண்டியில் நேராக அந்த அறைக்குத்தான் வரும். உள்ளே வரிசையாகப் பெரிய டிரம்கள். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். சன்னல் கிடையாது. சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. அது ஓடினால் உள்ளே மனிதர் நிற்கலாம்.

அது நின்றுபோயிற்று.

முதல் டிரம்மைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் டிரம் அக்கா என்பார்கள். உடல்வாகும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. மேலே உள்ளவர்கள் ஒன்று சொன்னால் அதில் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று நம்புகிறவள். அர்த்தம் பிடிபடாவிட்டால் தன் மண்டையைத்தான் குறைசொல்லிக்கொள்வாள். பக்கத்து டிரம்மில் நிற்பவள் அவளுடைய நாத்தனார். வீட்டிலும் பக்கத்து அறைதான். இவள் யாரையும் எதையும் நம்பமாட்டாள். கடையில் வாங்கிய பூட்டைக்கூட நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

"அண்ணி, கண்ணு ரெண்டும் எரியுது. மிளகாய அரைச்சு அப்பின மாதிரி இருக்கு."

"எனக்கும்தான். இரு, இஞ்சினியர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன். நல்ல மனுஷன், உடனே செஞ்சு குடுத்துடுவாரு."

"போ, போ. வரும்போது ஃபேனையும் கையோட தூக்கிட்டு வா."

இஞ்சினியர் உண்மையிலேயே நல்ல மனுஷன்தான். பேனாவை எடுத்தார்.

"மோட்டார் போயிருக்கும். மாத்திடலாம். காரணம்னு ஒரு வரி எழுதணும், சொல்லுங்க."

"கண்ணு எரிச்சல் தாங்கல சார்."

பேனா நின்றது. "எரிச்சலா?"

"ஆமா சார்."

"அப்ப அது எங்க பிரிவு இல்லம்மா. தலைமை ஆபீஸ்லேருந்து புது உத்தரவு. கோபம், வருத்தம், அலுப்பு, எரிச்சல் எது வந்தாலும் உணர்வுநலப் பிரிவுக்குத்தான் போகணும். நாங்க கை வெச்சா அத்துமீறல்னு ஆயிடும்."

"சார், எரியறது கண்ணு."

"எது எரிஞ்சா என்னம்மா. எரிச்சல்னு சொல்லிட்டீங்களே. சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கலாம் இல்ல?"

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த வருத்தத்தையும் அவர் உணர்வுநலப் பிரிவில்தான் தெரிவிக்க வேண்டியிருந்தது.

உணர்வுநலப் பிரிவு என்பது பேராசிரியர்தான். அவரும் எந்நேரமும் குறிப்பெடுக்கும் அவருடைய உதவியாளரம்மாவும். பெண்கள் உடைமாற்றிக்கொண்டு சற்று முதுகு சாய்க்கிற அறையைக் காலிசெய்து அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நீலத் திரை, மெத்தென்ற நாற்காலிகள், குளிர்சாதனம். அறைவாசலில் 'உங்கள் மனம் எங்கள் மூலதனம்' என்று எழுதியிருந்தது. பெண்கள் இப்போது இஸ்திரி உருளைக்குப் பின்னால் உடைமாற்றினார்கள்.

பேராசிரியர் மிக மெதுவாகப் பேசினார். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோலப் பேசினார்.

"எரிச்சல் எங்கேருந்து வருது?"

"டிரம்லேருந்து சார்" என்றாள் டிரம் அக்கா.

"அது வெளியில. உள்ள எங்கேருந்து வருது?"

"உள்ளேயும் டிரம்தான் சார். மூடியத் தொறந்தா குப்புனு வரும்."

பேராசிரியர் உதவியாளரம்மாவின் பக்கம் திரும்பினார். "டிரம்ங்கறது ஒரு குறியீடு. பெரும்பாலும் தாயைக் குறிக்கும்." உதவியாளரம்மா எழுதிக்கொண்டாள்.

டிரம் அக்காவுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஒல்லி. ஒருவேளை நமக்குத்தான் புரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "சார், நீங்க கொஞ்சம் அங்க வந்து நின்னு பாருங்களேன். நாங்க சொல்லவே வேணாம், உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"வரக்கூடாதும்மா." அவர் கனிவாகச் சிரித்தார். "வந்தா ஆய்வோட நடுநிலை கெட்டுப்போயிடும். முப்பது வருஷமா நான் ஒரு பணியிடத்துக்குள்ளயும் காலெடுத்து வெச்சதில்ல. அதனாலதான் பணியிடத்தப் பத்தி நான் சொன்னா எல்லாரும் ஒத்துக்கறாங்க."

அவர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எரிச்சல் எப்போது வந்தாலும், வந்த இடத்திலேயே நின்று, கண்ணை அகலத் திறந்து, ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, மெதுவாக விட வேண்டும்.

மறுநாள் பிளீச் அறையில் எல்லோரும் எரிச்சல் வந்த இடத்திலேயே நின்று, கண்ணை அகலத் திறந்து, ஆழமாக மூச்சை இழுத்தார்கள். நெஞ்சில் நிறுத்த முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. டிரம் அக்கா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள், நாத்தனார் அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருமினாள். கதவுக்கு வெளியே, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி நின்றிருந்த உதவியாளரம்மா எழுதினாள்: அடக்கி வைத்திருந்த உணர்ச்சி இருமலாக வெளியேறுகிறது. முன்னேற்றம் தெளிவு.

டிரம் அக்கா மேனேஜரிடம் போனாள். மேனேஜர் கெட்டவரல்ல. தன் தலைக்கு மேலே ஓர் ஆபீஸ் இருப்பதை ஒருகணமும் மறக்காதவர், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாதா என்ன. அந்த ரூம்ல ஒரு நிமிஷம் நிக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா எரிச்சல்னு எழுதினா பேப்பர் தானா அங்க போயிடுது. அந்த வார்த்தைய விட்டுட்டு வேற எப்படியாச்சும் சொல்லிக் கொண்டாங்க. நான் இஞ்சினியரப் பாத்துக்கறேன்."

தேநீர் இடைவேளையில் பெண்கள் உட்கார்ந்து வேறு வார்த்தை தேடினார்கள்.

முதலில் 'கண்ணில் தண்ணீர் வருகிறது' என்று சொல்லிப் பார்த்தார்கள். அது துக்கம் என்று முடிவாயிற்று. துக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வீடு என்பதால், டிரம் அக்காவின் வீட்டுக்காரரை அழைத்துவரச் சொன்னார்கள். அவர் தச்சர். உளியைத் துடைத்து வைத்துவிட்டு, சட்டையில் மரத்தூளோடு வந்து நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"உங்க மனைவி ஏன் அழறாங்க?"

"பிளீச்சு சார்."

"அது யாரு?"

வீட்டுக்காரர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவர் திகைத்ததையும் பார்த்ததையும் உதவியாளரம்மா எழுதிக்கொண்டாள். குடும்பத்தில் மூன்றாம் நபர் ஒருவர் இருப்பதாகவும், தம்பதிகள் அதைப் பற்றிப் பேசத் தயங்குவதாகவும் கோப்பில் சேர்ந்தது.

அடுத்து 'மூச்சு முட்டுகிறது' என்று சொன்னார்கள். அது பணிநெருக்கடி. நெருக்கடியைக் குறைப்பதற்காக அறையிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அவளுடைய துணியையும் மீதிப்பேர் சேர்த்து வெளுத்தார்கள்.

'தொண்டை அடைக்கிறது' என்று சொன்னதற்கு நல்ல பலன் கிடைத்தது. நிர்வாகத்தின் அக்கறையை நினைத்து நெகிழ்ந்துபோயிருக்கிறார்கள் என்று பொருள் கண்டு, டிரம் அக்காவைப் படமெடுத்துத் தலைமை ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள்.

நாத்தனார் வாயால் சொல்வதையே விட்டுவிட்டு உள்ளங்கைகளை நீட்டிக் காட்டினாள். கேட்டபோது மட்டும், "தோல் தடிச்சுப்போச்சு, பாருங்க" என்றாள். தோல் தடித்துப்போனது ஒரு தீவிரமான நிலை என்றார் பேராசிரியர். கூச்சநாச்சம் இல்லாதவர்களுக்கான வகுப்பில் அவளைச் சேர்த்தார்கள்.

"அண்ணி" என்றாள் நாத்தனார், வகுப்பு முடிந்து வந்து. "நம்ம உடம்புல உணர்ச்சியே இல்லாத எடம் ஏதாச்சும் இருக்கா? இருந்தா அதுல எரியுதுன்னு சொல்லிடுவோம்."

டிரம் அக்கா உண்மையாகவே யோசித்தாள். "மயிரு."

"அதச் சொன்னா கெட்ட வார்த்தைம்பாங்க."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்த நாத்தனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நேராகச் சுவரில் முட்டினாள். கைப்பிடி அடிவயிற்றில் இடித்தது. கதவு என்று நினைத்தாளாம். கதவு இரண்டு முழம் தள்ளியிருந்தது.

டிரம் அக்காவின் சிரிப்பு அத்தோடு நின்றது. சாயங்காலமே அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் விளக்கைப் பிடித்து இரண்டு கண்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"கருவிழியில புண்ணு. இந்தப் புகை பட்டுக்கிட்டே இருந்தா தழும்பாயிடும். தழும்பு விழுந்துட்டா சொட்டு மருந்தால ஒண்ணும் பண்ண முடியாது. போன பார்வை போனதுதான். ஒண்ணு அங்க ஃபேன் ஓடணும், இல்ல நீங்க அங்கேருந்து ஓடணும்."

"ஓடி எங்க டாக்டர் போறது. தோல் தடிச்சவள்னு எழுதி வெச்சிருக்காங்க, எவன் வேலை குடுப்பான்?"

டாக்டருக்கு அது விளங்கவில்லை. மருந்து எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சொன்னதைச் சொல்லி, நாத்தனாரை மடிப்புக்கூடத்துக்கு மாற்றும்படி மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தாள் டிரம் அக்கா. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். எரிச்சல் தொற்றும் தன்மையுடையது என்பது பேராசிரியரின் புகழ்பெற்ற முடிவுகளில் ஒன்று. ஓரிடத்தில் எரிச்சல்பட்டவரை இன்னோரிடத்துக்கு மாற்றினால் அங்கேயும் பரவிவிடும்.

அந்த வார இறுதியில் மேனேஜர் நாத்தனாரைக் கூப்பிட்டனுப்பினார். டிரம் அக்காவும் கூடவே போய் நின்றாள். மேனேஜர் முகத்தில் களை கட்டியிருந்தது. பேராசிரியர் ஓய்வுபெறப்போகிறார். தலைமை ஆபீஸ் அவருக்கு வாழ்நாள் விருது கொடுக்கிறது. விழா நம் ஆலையில்தான். அன்றைக்கே இதை 'எரிச்சலற்ற ஆலை' என்று அறிவிக்கப்போகிறார்கள்.

"நீ மேடையேறி ஒரே ஒரு வார்த்த சொல்லணும். 'எனக்கு இப்ப எரிச்சல் இல்ல.' அவ்வளவுதான். இருக்கிறதுலயே மோசமான ஆள் நீதான்னு கோப்புல இருக்கு. நீயே சொன்னா அதுக்கு மேல என்ன வேணும்? வேலைய நிரந்தரமாக்கிடலாம்னு தலைமை ஆபீஸ் பெரியவரே சொல்லிட்டாரு."

"ஃபேன் சார்?"

"எரிச்சல் இல்லாத எடத்துல ஃபேன் எதுக்கும்மா?"

"இருக்குன்னு சொன்னா?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "எரிச்சல் இல்லாத ஆலையில எரிச்சல் இருக்கிற ஆளுக்கு எடம் ஏது, நீயே சொல்லு."

வீட்டில் டிரம் அக்கா வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார் சுவரில் சாய்ந்து, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அண்ணி மூக்க உறிஞ்சுற? அண்ணன் மறுபடியும் பிளீச்சோட சுத்துறாரா?"

"விளையாடாத. நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? சொல்லிட்டு வந்துடு. ஒரு வார்த்ததான. வேலையாச்சும் மிஞ்சும்."

"கண்ணு போனப்பறம் வேலைய வெச்சு என்ன பண்ண? தடவித் தடவிப் பாக்கவா?"

டிரம் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். வழக்கம்போலத் தன் மண்டையைக் குறைசொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை அது ஒட்டவில்லை. மண்டை நன்றாகத்தான் இருந்தது.

விழாவை ஆபீஸ் முற்றத்தில் வைப்பதாகத்தான் ஏற்பாடு. பேராசிரியர் சம்மதிக்கவில்லை. மாற்றம் நிகழ்ந்த இடத்திலேயே விழா நடக்க வேண்டும் என்றார். ஆய்வு முடிந்துவிட்டதால் இனி நடுநிலை தேவையில்லை, பிளீச் அறைக்குள் தாராளமாக நுழையலாம். டிரம்களும் ஓடட்டும், சூழல் இயல்பாக இருக்க வேண்டும். மேனேஜருக்கு வியர்த்தது. அந்த அறையில் யாரும் நிற்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அங்கே எரிச்சல் துளியும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவர்தான். வாயை மூடிக்கொண்டு நாற்காலிகள் போடச் சொன்னார்.

பளபளக்கும் காலணிகளோடு பெரியவர்கள் ஈரத்தரையில் பார்த்துப் பார்த்து நடந்துவந்து உட்கார்ந்தார்கள். பின்னால் பத்திரிகைக்காரர் ஒருவர். டிரம்கள் ஓடின. பெண்கள் வேலையுடையில் அவரவர் டிரம்முக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். சுற்று முடிந்து முதல் டிரம்மின் மூடி திறந்தது.

தலைமை ஆபீஸ் இயக்குநர் பேச எழுந்தார். "இந்த மாமனிதரப் பத்தி..." என்று ஆரம்பித்தவருக்குக் கண்கள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னால பேச முடியல" என்று உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. வாழ்த்துரை சொல்ல வந்தவர் தேம்பினார். வரவேற்புப் பூங்கொத்தை நீட்டிய உதவியாளரம்மா முகத்தைப் பூங்கொத்துக்குள் புதைத்துக்கொண்டாள். இப்படி ஒரு கண்ணீர் விழாவைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று பத்திரிகைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுதினார்.

பேராசிரியர் எழுந்தார். கன்னங்களில் தாரை தாரையாக வழிந்தது.

"இந்தக் கண்ணீர நான் மறைக்க விரும்பல. முப்பது வருஷமா உணர்ச்சிகள ஆராய்ஞ்சிருக்கேன். நேரடியா ஒண்ண அனுபவிக்கிறது இன்னைக்குத்தான். இத்தன வருஷத்துல ஒரு தொழிலாளிகூட என் முடிவு தப்புன்னு சொன்னதில்ல. முடிவ அவங்களுக்கு அனுப்பி வெச்சாத்தான சொல்லுவாங்கன்னு சிலர் கேலி பேசறதுண்டு. அனுப்பாததுல தப்பு ஒண்ணுமில்ல. பதில் சொல்றது அவங்க வேலை. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்ங்கறது என் வேலை. ரெண்டும் கலந்துட்டா அப்பறம் அறிவியல்னு ஒண்ணு எதுக்கு?"

இருமல் வந்தது. கைதட்டினார்கள். கைதட்டிய கைகளாலேயே கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் நாத்தனாரை முன்னால் அழைத்தார். ஒலிவாங்கியை அவள் வாயருகே பிடித்தார். "சொல்லும்மா. இப்ப எப்படி இருக்கு?"

நாத்தனார் இடுங்கிய கண்களால் வரிசையைப் பார்த்தாள். முகங்கள் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கைக்குட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"எரியுது" என்றாள்.

மேனேஜர் தாழ்ந்த குரலில் எடுத்துக்கொடுத்தார். "இல்ல... எரிச்சல் இல்ல..."

"எனக்கு எரியுது. உங்களுக்கும் எரியுது சார், உங்க கண்ணு ரத்தமா இருக்கு. அந்தப் பெரியவருக்கும் எரியுது, உக்காந்து தொடச்சுக்கிட்டே இருக்காரு. இங்க ஒருத்தரும் அழல. ஃபேன் ஓடல, அவ்வளவுதான்."

பேராசிரியர் அவள் தோளில் பரிவோடு கைவைத்தார். "கவனிங்க" என்றார் சபையைப் பார்த்து, இருமலுக்கு நடுவில். "நன்றியுணர்ச்சி முத்தும்போது எதிர்ப்பு மாதிரிதான் வெளிப்படும்."

"அந்தக் கைய எடுங்க."

இயக்குநர் கைக்குட்டைக்கு மேலிருந்து மேனேஜரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்பதை மேனேஜர் யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொண்டார்.

"நீ நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்" என்றார்.

அப்போது டிரம்கள் நின்றன.

எல்லா டிரம்களையும் ஒரேயடியாக நிறுத்தச் சுவரில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. அதன்மேல் டிரம் அக்காவின் கை இருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கியதும் அறை சட்டென்று பெரிதானதுபோல இருந்தது. யாரோ மூக்குறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"நீ எதுக்கும்மா நிறுத்தின?" என்றார் மேனேஜர். அவருக்கு உண்மையாகவே நம்ப முடியவில்லை. இவள் படம் தலைமை ஆபீஸ் சுவரில் இருக்கிறது.

டிரம் அக்கா திரும்பினாள். மேனேஜரை விட்டுவிட்டுப் பேராசிரியரைப் பார்த்துப் பேசினாள்.

"எரிச்சல்ல நிறுத்திட்டேன் சார். அன்னைக்குச் சொன்னது கண்ணெரிச்சல். இது உங்க எரிச்சல். நீங்க இத்தன நாளாக் கேட்டது இதுதான், இப்பத்தான் வந்துச்சு. எழுதிக்குங்க."

குமிழ் மேலிருந்த கையை எடுத்து, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மீதிப் பெண்களும் போனார்கள். யாரும் கோஷம் போடவில்லை. போகிற வழியில் ஒருத்தி பெரியவர்களின் நாற்காலிகளுக்கு நடுவே தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் கால எடுத்துக்குங்க" என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

முற்றத்தில் துணி காயப்போடும் கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இது வேலைநிறுத்தமா? அப்படீன்னா முன்னாடியே எழுதிக் குடுக்கணும், தெரியுமில்ல?"

"நிறுத்தமெல்லாம் இல்ல சார்" என்றாள் டிரம் அக்கா. "ஃபேன் நிக்குது, நாங்களும் நிக்கிறோம். அது ஓடினா நாங்களும் ஓடுறோம். இவளும் எங்களோடதான் வருவா. இவ இல்லாம ஒருத்தியும் உள்ள வர மாட்டா."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. துணிய யாரு வெளுப்பா, நீங்களா?"

அவள் கேள்வியாகத்தான் கேட்டாள். மேனேஜர் சவாலாக எடுத்துக்கொண்டார். மதியம், விருந்தினர்கள் கிளம்பிய பிறகு, ஆபீஸிலிருந்து தட்டச்சர், கணக்கர், காவலாளி எல்லோரையும் உள்ளே அனுப்பினார். விரிப்பில்லாமல் நோயாளிகளை எதில் கிடத்துவது என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து தொலைபேசி வர ஆரம்பித்திருந்தது. வாசலில் அழுக்கு மூட்டைகள் குவிந்தன. வெயிலில் நாறின.

முதல் மூடி திறந்து சிறிது நேரத்துக்கெல்லாம் தட்டச்சர் வெளியே வந்து குழாயடியில் முகத்தை நீட்டினார்.

"சார், கண்ணு எரியுது."

மேனேஜர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "எரிச்சல்னா உணர்வுநலப்..."

"சார்" என்றார் தட்டச்சர், முகத்திலிருந்து தண்ணீர் சொட்ட. "மரியாதையா ஃபேனப் போடுங்க."

இஞ்சினியரைக் கூப்பிட்டார்கள். அவர் புது மோட்டாரை ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்திருந்தார், உத்தரவுக்குத்தான் காத்திருந்தார். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டார். மேனேஜர் தொலைபேசியை எடுக்க ஓடினார். 'பழையது' என்று இஞ்சினியரே எழுதிக்கொண்டார். பெண்கள் ஆளுக்கொரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஃபேன் ஓடிற்று.

நாத்தனாரை வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்னதை யாரும் திரும்பப் பெறவில்லை. அவள் மறுநாள் வந்தாள், டிரம் அக்காவோடு வாசலில் நுழைந்தாள். காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நீக்கியது எழுத்தில் இல்லை, சேர்த்ததும் எழுத்தில் இல்லை. இடது கண் தெளிந்துவிட்டது. வலது கண்ணில் புகைபோல ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் தூரத்தில் வருகிறவர்கள் அவளுக்குத் தெரிவதில்லை. அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

பேராசிரியர் விருதோடு வீடு போய்ச் சேர்ந்தார். 'கூட்டுக் கண்ணீர்: பணியிட நெகிழ்வின் உச்சம்' என்பது அவருடைய கடைசிப் புத்தகம். அதில் அந்த விழா விரிவாக இருக்கிறது. டிரம்கள் நின்றதைப் பற்றி, மின்தடை என்று அடிக்குறிப்பு இருக்கிறது.

புத்தகத்தின் இறுதி அத்தியாயத்துக்காக உதவியாளரம்மா ஒருமுறை ஆலைக்கு வந்தாள். இந்தத் தடவை பிளீச் அறைக்கு உள்ளேயே வந்து நின்றாள். நிற்க முடிந்தது. நாத்தனார் ஈரத்துணியை வாரி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க என்ன உணர்றீங்க?"

நாத்தனார் நிமிர்ந்து, நல்ல கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"காத்து வருது."

உதவியாளரம்மா எழுதப்போய் நிறுத்தினாள். "அது உணர்ச்சி இல்லையே."

"இல்லதான். ஒதுங்கி நில்லும்மா, வண்டி வருது."